உயரம் கசியாத வீடு

எங்கள் வீடு இருந்த இடத்தை விட்டு ஒரு விரல்கடை கூட நகரவில்லை. ஆனால் என் அண்ணன் பொன்சிங் விமானி பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்த சித்திரை மாதத்திலிருந்து அந்த வீட்டுக்குள் இருந்த காற்று மட்டும் மேலே போக ஆரம்பித்தது, அவன் ஒரு பாடம் முடித்தால் ஒரு படி, இன்னொரு பாடம் முடித்தால் இன்னொரு படி என்று ஏறி ஏறி, தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டிக் கடலும் தரையும் ஒரே மட்டமாகக் கிடக்கிற எங்கள் தெருவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் வீட்டுக்குள் மட்டும், விமானம் பறக்கிற உயரத்துக் காற்று வந்து நின்றது. ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். பிடிக்கவில்லை, நின்றேன், அவ்வளவுதான். என் பெயர் சுயம்புகனி, வீட்டில் கனி.

அண்ணன் படித்தது தொலைதூரப் படிப்பு. புத்தகம் கூரியரில் வரும், வகுப்பு கைபேசியில் வரும், வாத்தியார் மட்டும் வரவே மாட்டார். எங்கோ ஒரு பெரிய நகரத்தில் கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர் டை கட்டிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷில் பேசி அனுப்புவார், பிளஸ் டூ முடித்துவிட்டு உப்பு லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்த என் அண்ணன் அதைக் கைபேசியின் உடைந்த கண்ணாடிக்குள் பார்ப்பான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேப்டனின் வாய் திறந்தபடி நின்றுபோகும், சிக்னல் வருகிறவரை அந்தத் திறந்த வாயையே பார்த்துக்கொண்டு இருப்பான். அதற்குக் காசு எப்படி வந்தது என்பது வேறு கதை, அதை நான் எழுதப் போவதில்லை. விமானத்தைத் தொடுவதற்கு முன்னால் காற்று, மேகம், திசை, எஞ்சின், சட்டம், விமானியின் உடம்பு என்று எல்லாவற்றையும் பற்றிப் பரீட்சை எழுதித் தேற வேண்டுமாம். வாத்தியார் இல்லாத படிப்புக்குக் கேள்வி கேட்கவாவது ஒரு ஆள் வேண்டும். விடிகாலையில் அளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டு, மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி அவனிடம் கேள்வி கேட்ட ஆள் நான். நான் இங்கிலீஷில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு, தனக்குப் புரிந்ததா என்று பார்ப்பதற்காக அதையே எனக்குத் தமிழில் சொல்வான். அப்படித்தான் எனக்கும் கொஞ்சம் ஏறியது.

வீடு உயரே போனதை முதலில் கண்டது அம்மா. அரிசி வேகவில்லை. உலை தளதளவென்று கொதிக்கிறது, அரிசி குதிக்கிறது, ஆனால் எடுத்து நசுக்கினால் நடுவில் கல் மாதிரி இருக்கிறது. அம்மா ரேஷன் அரிசியைத் திட்டினாள், பிறகு அடுப்பைத் திட்டினாள், பிறகு எல்லாவற்றையும் குக்கரில் வைக்க ஆரம்பித்தாள். அதற்கடுத்து அப்பா. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, "என்ன தங்கபுஷ்பம், ஆறிப்போன டீயக் குடுக்க" என்றார். அம்மா கொதிக்கிற பாத்திரத்துக்குள் விரலை விட்டுக் காட்டினாள். அப்பாவும் விட்டுப் பார்த்தார். பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அளத்துக்குப் போய்விட்டார்.

அண்ணன் மட்டும் விஷயம் புரிந்து, சந்தேகம் கேட்கிற இடத்தில் கேப்டனுக்கு எழுதிப் போட்டான்: நான் படிக்கப் படிக்க வீட்டில் காற்றழுத்தம் குறைகிறது, என்ன செய்வது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, மேலும் உயர வாழ்த்துகள் என்று பதில் வந்தது. எல்லோருக்கும் அதுதான் வருமாம்.

தெரு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் உப்பளத்து ஆட்கள், வெயிலில் தண்ணீர் கல்லாகிறதைத் தினமும் பார்க்கிறவர்கள், அவர்களை ஆச்சரியப்படுத்துவது கஷ்டம். வாசலைத் தாண்டினால் காது அடைக்கிறது என்று தெரிந்ததும் சின்னப்பிள்ளைகள் வரிசையில் நின்று உள்ளே ஒரு கால் வெளியே ஒரு கால் வைத்து விளையாடினார்கள், பெரியவர்கள் வரும்போது காது அடைக்காமல் இருக்க வாயில் புளிப்பு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு வந்தார்கள். எதிர்வீட்டுப் பாக்கியவதி சித்தி மீனைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக்குள் துணிக்கொடியில் தொங்கவிட்டாள், ஈயும் இல்லாமல் நாற்றமும் இல்லாமல் அது கருவாடாகிப் போனதைப் பார்த்துத் தெருவே மீனோடு வந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஊரே வெந்துகொண்டிருக்க எங்கள் ஜன்னல் கம்பியில் பனி பிடித்தது, போர்வையோடு வந்து சுவர் ஓரமாகத் தூங்கிவிட்டுப் போனவர்கள் உண்டு. இளவட்டங்கள் பாட்டிலோடு வந்து, எங்கள் வீட்டில் குடித்தால் கால்வாசியிலேயே ஏறிவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள், அவர்களை அம்மா விளக்குமாற்றோடு விரட்டினாள். சுகாதாரத்துறையிலிருந்து ஒருவர் வந்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், காதைத் தேய்த்தார், தன் மனைவிக்குத் தலைவலி, கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். கோயில் கொடைக்கு அம்மன் சப்பரம் எங்கள் வாசலுக்கு வந்தபோது பூசாரி தட்டை உள்ளே நீட்ட, கற்பூரம் நீலமாகச் சுருங்கி அணைந்தது. "அம்மனுக்கு உள்ள வரப் பிரியமில்ல, வெளிய நின்னே பாத்துக்கிடுவா" என்று சொல்லிவிட்டார், அம்மனுக்கும் அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

உயரத்தைப் பார்க்கத் தெருக்காரர்களுக்கு ஒரு வழி இருந்தது. கதவு நிலைக்கு உள்பக்கம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது நாளுக்கு நாள் வீங்கியது. அளத்துக்குப் போகிறவர்கள் தலையை உள்ளே நீட்டி அதைப் பார்த்துவிட்டு, "நேத்தைக்கு இன்னைக்கு நல்லாப் படிச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

அண்ணன் மேகங்களைப் பற்றிப் படித்த வாரம்தான் தெரு அவனைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. உப்புக்காரனுக்கு மழையைவிடப் பெரிய எதிரி கிடையாது, வாரிக் குவித்த அம்பாரத்தின் மேல் ஒரு மழை விழுந்தால் மாசம் பூரா உழைத்தது தண்ணியாக ஓடிவிடும். அன்றைக்கு வானம் சுத்தமாக இருந்தது. அண்ணன் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்று, தென்கிழக்கே ஒரு வெள்ளைத் தீற்றலைப் பார்த்துவிட்டு, "அப்பாட்டச் சொல்லு, இருட்டுறதுக்குள்ள மழ வரும், அம்பாரத்த மூடச் சொல்லு" என்றான். அடுத்த தெருக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் தெரு கீற்றும் தார்ப்பாயும் கொண்டு மூடியது. சாயங்காலம் அடித்த மழையில் அடுத்த தெருவின் உப்பு மொத்தமும் வாய்க்காலில் போனது. அப்பா அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணனுடைய தட்டில் தன் மீன் துண்டை எடுத்து வைத்தார். அப்பா அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு அவன் உயரம் தெருவுக்குச் சொந்தமானது. அதனால்தான், உயரம் கசிகிறது என்று தெரிந்தபோது, தெரு சும்மா இருக்கவில்லை.

கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று திமுதிமுவென்று உள்ளே விழும், பாக்கெட் சுருங்கும், அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன படிச்சேன்?" என்று என்னைக் கேட்பான். படித்தது நிஜமாகவே போயிருக்கும். ஒருநாள் கருவாடு எடுக்க மூன்று பேர் வந்துபோனதில் திசைகாட்டியைப் பற்றிய பாடம் முழுக்கப் போய்விட்டது. அவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அப்பா கதவையும் நிலையையும் தடவிப் பார்த்தார், சுவருக்கும் கூரைக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தார், பிறகு வெளியே போய்ப் பாக்கியவதி சித்தியிடம் சொன்னார்:

"வரப்புல எலி வள விழுந்த மாரி இருக்கு. ஒரு பக்கம் ஏறுது, மறுபக்கம் ஒழுகுது."

"பின்ன அடைக்க வேண்டியதான அண்ணாச்சி" என்றாள் சித்தி. "பாத்தியில உப்பு புடிக்கிற நேரம் யாராச்சும் காலு வைப்பாவளா? உள்ள யாரும் போவப்படாது, உள்ள இருந்து யாரும் வரப்படாது. பரீச்சைக்கு ரயிலு ஏறுறதுக்குள்ள படிச்சது இறுகிரும், அன்னைக்கு ஒடச்சா போதும்."

யாருக்கும் இது தப்பாகத் தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே பெரிய வித்தை அதுதான்: களிமண்ணை மிதித்து, வரப்பு கட்டி, ஒரு பொட்டு கசியாமல் அடைத்து, உள்ளே இருப்பது இறுகுகிறவரை கலைக்காமல் இருப்பது. பெண்கள் எல்லோரும் அளத்திலிருந்து கருப்புக் களிமண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து, பாத்தி மிதிக்கிற மாதிரியே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் போட்டு மிதித்தார்கள், ஆண்கள் ஏணி வைத்துக் கூரை இடுக்கில் அடைத்தார்கள், கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு, குளியலறைத் தண்ணீர் போகிற துளை, ஒன்றையும் விடவில்லை. உள்ளே படிக்க அண்ணன், கேள்வி கேட்க நான், சமைக்க அம்மா. அப்பா உப்பளத்துக் கொட்டகையில் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மாவுக்கு எப்போதும் ரத்தம் கம்மி, ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தால் வாந்தி எடுத்துவிடுவாள், அளத்து உப்பு தின்று ஆறாத புண் இரண்டு காலிலும் இருந்ததால் வேலைக்குப் போவதையும் நிறுத்தியிருந்தாள். நான் அப்பாவிடம் சொன்னேன், "அம்மா வெளிய இருக்கட்டும், நான் பொங்குதேன்."

"நீ பொங்குறத எவன் திம்பான்" என்றார் அப்பா. அம்மாவும், "ஒனக்குக் கேள்வி கேக்குற வேல இருக்குல்லா, அதப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். கடைசி விரிசலில் களிமண்ணை வைத்து அழுத்திய கை யாருடையது என்று தெரியவில்லை, வளையல் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு தெருச்சத்தம் நின்றது.

மூடிய பிறகு வீடு விறுவிறுவென்று ஏறியது. ஒரு நாளில் ஏறுகிறது ஒரு மணி நேரத்தில் ஏறியது. அண்ணன் புத்தகத்தைக் குடித்தான் என்றுதான் சொல்ல வேண்டும். கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. பாக்கெட் வெடித்துப் பிஸ்கட் சிதறியது, தண்ணீர்ப்பானையில் மேலாக ஐஸ் ஆடை கட்டியது, பேசினால் குரல் தூரத்தில் யாரோ பேசுகிற மாதிரி மெல்லிசாகக் கேட்டது. எனக்குத் தலை வலித்தது, பிறகு வலிக்கவில்லை.

அம்மா சிரிக்க ஆரம்பித்தது அப்போதுதான். என் அம்மா சிரிக்கிற பொம்பளை இல்லை. கல்யாண ஆல்பத்தில் கூட யாரோ திட்டிவிட்டுப் போன மாதிரிதான் நிற்பாள். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தாள். வெங்காயத்துக்குள் இன்னொரு வெங்காயம் இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். பாடினாள், சினிமாப் பாட்டு இல்லை, உப்பு எண்ணிக்கை சொல்லுகிற பாட்டு, அதில் எண்களைத் தாறுமாறாகப் போட்டுப் பாடினாள். அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே பத்து எட்டுகூட இல்லாத வீட்டில் அங்கும் இங்கும் கையை வீசி நடந்தாள்.

"ஏட்டி கனி, காலு வலிக்கவே இல்லட்டி" என்றாள். "புண்ணு இருக்கு, வலி எங்க போச்சுன்னு தெரியல. தேடிப் பாரேன்."

அவள் சிரிப்பு சுவர் வழியாகத் தெருவுக்குக் கேட்டிருக்கிறது. மறுபக்கம் பாக்கியவதி சித்தி சொல்லுவது எனக்கு எறும்பு பேசுவது மாதிரிக் கேட்டது: "மைனி சிரிக்கத கேட்டியளா? மவன் பைலட்டு ஆவப்போறான்னா சிரிக்க மாட்டாவளா? இந்தச் சிரிப்ப அவியளுக்குக் குடுக்க ஒரு பிள்ள வேண்டியிருந்துருக்கு பாருங்க." தெருவில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவள் சந்தோஷமாக இருந்ததும் நிஜம்தான்.

மறுநாள் ரயில். மத்தியானம் கடைசிப் பாடத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன், விமானியின் உடம்பைப் பற்றிய பாடம். இங்கிலீஷை நான் கடித்துக் கடித்து வாசித்தேன். உயரத்தில் பிராணவாயு குறையும்போது ஒரு ஆளிடம் முதலில் தெரிகிற அடையாளம் என்ன.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். பிறகு வழக்கம்போலத் தமிழில் சொன்னான். "சந்தோஷமா இருப்பான். சிரிப்பான். வலி தெரியாது. தனக்கு ஒண்ணுமில்ல, எல்லாஞ் சரியா இருக்குன்னு நெனப்பான். அதான் ஆவத்து, ஏன்னா உள்ள இருக்கவனுக்கே தெரியாது. நகமும் உதடும் நீலமாயிரும். அதுக்குப் பெறவு கொஞ்ச நேரந்தான்."

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். அதில் சந்தேகமே வேண்டாம், பார்த்துக்கொண்டோம்.

"அடுத்த கேள்வி" என்றான்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, எரியாத அடுப்புக்கு முன்னால் தீக்குச்சி ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றும் பொட்டென்று நீலமாக எரிந்து உடனே அணைந்தது, ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். அவள் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. "நீ யாரு வீட்டுப் பிள்ள" என்று கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்தது என்றால் நிஜமாகவே வந்தது, அடிவயிற்றிலிருந்து குமிழி மாதிரி. அப்போதுதான் பயந்தேன். சிரித்துக்கொண்டேதான் பயந்தேன்.

கதவுக்கு ஓடி, கரண்டிக் காம்பால் களிமண்ணை நோண்டினேன். காய்ந்து கல்லாகிக் கிடந்தது. ஒரு விரல் அளவு ஓட்டை விழுந்ததும் காற்று விசில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. பின்னால் அண்ணன் "கனி" என்று கத்தினான், "சட்டப் பாடம் போவுது கனி, போவுது" என்றான். வெளியே பாக்கியவதி சித்தியின் குரல்: "ஏ, இங்க கசியுது, மண்ணு கொண்டா, மண்ணு கொண்டா." ஓட்டை மூடியது. பக்கத்தில் நோண்டினேன், அதையும் மூடினார்கள். உள்ளே இருந்து நான் நோண்ட, வெளியே இருந்து அவர்கள் பூச, பாத்தி உடைப்பை அடைக்கிற அதே வேகத்தில், அதே கைகள். என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். "அம்மா சாவப்போறா. அப்பாவக் கூப்புடுங்க. அம்மா சாவப்போறா." அந்தக் காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அப்பா கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறார்.

"அவன் படிச்சு முடிச்சிட்டானாட்டி?" என்று கேட்டார்.

"இல்ல. அம்மா."

"அம்மா சிரிக்கத நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். நாளைக்குக் காலைல ஒடைப்போம். சும்மா கெட."

அண்ணன் வந்து கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். அவன் என்னை அடிக்கவில்லை. கும்பிட்டான். "நாளைக்கு ஒரு நாளு கனி. எழுதிட்டு வந்துருதேன். எல்லாரையும் கூட்டிட்டுப் போயிருதேன்." அவன் உதடும் லேசாக நீலமாக இருந்தது, அவன் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது, அதனால் அவனைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அடுப்படியில் சிரிப்பு நின்றது.

அம்மிக்குழவியை எடுத்தேன். என்னால் சாதாரணமாகவே அதைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அரிசிப் பானையைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று, நெஞ்சு வெடிக்கிற மாதிரி வலிக்க, கூரையில் அடித்தேன். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் ஆஸ்பெஸ்டாஸ் பிளந்தது. அந்தப் பிளவு வழியாக எங்கள் ஊர்க் காற்று, உப்பும் சேறும் மீன் நாற்றமும் டீசல் புகையும் சேர்ந்த கனத்த காற்று, லாரியிலிருந்து மணல் தட்டுகிற மாதிரி உள்ளே கொட்டியது, நான் கீழே விழுந்தேன், காதுக்குள் ஊசி குத்தியது, பானைகள் உருண்டன, சுவர் நெடுக ஒரு விரிசல் ஓடியது. அண்ணன் நடுவீட்டில் நின்றுகொண்டு போகிறதைப் பிடிக்கிறவன் மாதிரி கையை நீட்டி நீட்டிச் சொன்னான், மேகத்தின் பெயர்கள், எஞ்சினின் பாகங்கள், அழுத்தம், அட்சரேகை, ஒவ்வொன்றாகச் சொன்னான், சொல்லச் சொல்ல வாயிலிருந்தே அவை போயின, கடைசியில் வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

அம்மா பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் குழாய் வைத்திருந்தார்கள். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டதற்கு அப்பா, "வீட்டுக் கூர இடிஞ்சு விழுந்துட்டு" என்றார். தெருவும் டாக்டரிடம் அதையேதான் சொன்னது, என் முகத்துக்கு நேராக வேறு சொன்னது: சிரித்துக்கொண்டு நன்றாக இருந்த பொம்பளை மேல், பொறுக்கமாட்டாத மகள், மொத்தக் காற்றையும் ஒரே நேரத்தில் தள்ளிவிட்டாள். பாக்கியவதி சித்தி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அப்பா திட்டவில்லை. "ஒரு நாளு பொறுக்க முடியலயா ஒனக்கு" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் பதில் சொன்னேன். அவர் கேட்காத மாதிரி இருந்தார்.

அண்ணன் ரயில் ஏறிப் பரீட்சைக்குப் போனான். கேள்வித்தாளைப் பார்த்தால் எழுத்து தெரிந்ததாம், வேறு ஒன்றும் தெரியவில்லையாம். திரும்பி வந்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் படித்தான். உள்ளே காற்று அசையவில்லை, அரிசி சாதாரணமாக வெந்தது, படித்தது ஒன்றும் நிற்கவில்லை. தெரு கொஞ்ச நாள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டது, கொடியில் இருந்த கருவாட்டை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் இப்போது என்னோடு உப்பு வாருகிறான்.

ஒருநாள் பாத்தியில் வைத்துக் கேட்டேன். "அம்மா சிரிக்கும்போது அடுத்த கேள்வின்னு சொன்னியே. தெரிஞ்சுதான சொன்ன?"

அவன் வாருபலகையை நிறுத்தவில்லை. "புத்தகத்துல அந்தப் பக்கமும் போயிட்டு கனி" என்றான்.

இருக்கலாம். எல்லாப் பக்கமும் போனபோது அதுவும் போயிருக்கலாம். அவன் என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

அம்மா திரும்பவும் பழைய மாதிரி ஆகிவிட்டாள், பேச்சு இல்லை, காலில் கட்டு. ஆனால் மத்தியானம் நான் அளத்திலிருந்து வரும்போது கதவு சாத்தியிருக்கிறது. தகரம் வைத்து அடைத்த கூரை, சாத்திய ஜன்னல், கதவுக்கு அடியில் சுருட்டிச் செருகிய பழைய சேலை. போன வாரம் தோளால் தள்ளித் திறந்தேன். அந்த வேக்காட்டில் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள், வாயை இறுக மூடிக்கொண்டு, கண் பிதுங்க, மூச்சை அடக்கிக்கொண்டு.

"என்னம்மா செய்யுத?"

கையைக் காட்டினாள், பேசாதே என்று. கொஞ்ச நேரம் கழித்து முடியாமல் மூச்சு விட்டு, இரைத்து, "கெடுத்துட்ட" என்றாள். "கொஞ்சம் ஏறுன மாரி இருந்துச்சு."

"ஒண்ணும் ஏறாது. இனிமே ஏறாது."

"அங்க காலு வலிக்கல கனி" என்றாள். "எதுக்குட்டி என்னய எறக்குன?"

"நீ செத்துருப்பம்மா."

"தெரியும்" என்றாள்.

திரும்பவும் வாயை மூடி, மூச்சை அடக்கினாள். நான் சேலையைக் காலால் எத்தித் தள்ளிவிட்டு, கதவை அகலத் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்தேன். அளத்து வெயில் என் முதுகு வழியாக உள்ளே போனது. அவள் என்னைப் பார்க்காமல் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் இருந்தாள், பிறகு அடக்கியதை வெளியே விட்டாள், வேறு வழியில்லாமல் அடுத்ததை உள்ளே இழுத்தாள்.